ஆட்டிசம் வினாப்படிவத்தைப் பெற்றோருடன் அமர்ந்து நிரப்புதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு குழந்தையிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் இருக்கின்றனவா, இருந்தால் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. குழந்தையை நேரில் கவனிப்பதும், அதை அன்றாடம் வளர்ப்பவர்களிடம் கேட்டு அறிவதும்தான் நம்மிடம் உள்ள வழிகள். புதிய இடத்துக்கு வந்து, புதிய முகங்களுக்கு நடுவே அரை மணி நேரம் இருக்கும் குழந்தை அங்கே தன் இயல்பைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அது எப்படிச் சாப்பிடுகிறது, யாரோடு விளையாடுகிறது, குக்கர் விசில் கேட்டால் என்ன செய்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததை ஒழுங்காகக் கேட்டு வாங்கி, எண்ணாக மாற்றித் தருவதற்காகவே வினாப்படிவங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

சிறப்புக் கல்வி, உளவியல், பேச்சுப் பயிற்சி ஆகிய துறைகளில் படிப்பை முடித்து இப்போதுதான் பணியில் சேர்ந்திருப்பவர்களையும், அங்கன்வாடிகளிலும் பள்ளி மருத்துவக் குழுக்களிலும் இந்தப் பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் இதைப் படிக்கலாம். தங்களிடம் ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்கு விளங்கும். படிவத்தைக் கையில் கொடுத்து "நிரப்பிக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பல இடங்களில் உள்ளது. அப்படி வரும் படிவத்தின் மதிப்பெண்ணை நம்பி ஒரு குழந்தையைப் பற்றி முடிவெடுப்பது ஆபத்தானது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு "ஆம்", "இல்லை" என்பதற்கும் பின்னால், அந்த வீட்டில் உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியாவது இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் அதற்காகவே.

எதற்காக அளக்கிறோம்?

படிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நோக்கத்தை முடிவு செய்யுங்கள். எல்லாப் படிவங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எம்-சாட்-ஆர் (M-CHAT-R) எனப்படும் 20 கேள்விகள் கொண்ட படிவம், 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே உரியது. மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டிய குழந்தைகளைப் பிரித்தெடுப்பதே அதன் வேலை. ஆட்டிசம் எவ்வளவு தீவிரமாக உள்ளது என்பதை அது சொல்லாது. நான்கு வயது நிறைந்தவர்களுக்கு எஸ்.சி.கியூ. (SCQ, சமூகத் தொடர்பு வினாப்படிவம்) என்ற 40 கேள்விப் படிவம் உள்ளது. அதில் குழந்தையின் வளர்ச்சி முழுவதையும் கேட்கும் வாழ்நாள் படிவம் ஒன்றும், கடைசி மூன்று மாதங்களை மட்டும் கேட்கும் நடப்புப் படிவம் ஒன்றும் தனித்தனியாக உண்டு. எஸ்.ஆர்.எஸ்.-2 (SRS-2, சமூக எதிர்வினை அளவுகோல்) என்பது 65 கூற்றுகளைத் தந்து, கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உண்மை என்று நான்கு படிகளில் குறிக்கச் சொல்வது. "உண்டா, இல்லையா" என்பதைவிட "எவ்வளவு" என்பதற்கு அது பொருத்தமானது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டில் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ. எனப்படும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். இன்று என்.ஐ.இ.பி.ஐ.டி. என்று அழைக்கப்படும், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்த அளவுகோலில், ஆறு பிரிவுகளில் 40 கூறுகள் உள்ளன. இதைப் பெற்றோரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லக்கூடாது. பயிற்சி பெற்றவர் பெற்றோரிடம் கேட்டும், குழந்தையை நேரில் கவனித்தும், இரண்டையும் சேர்த்தே மதிப்பெண் இட வேண்டும்.

மூன்றரை வயதுக் குழந்தைக்கு எம்-சாட்-ஆர் போட்டு, "மதிப்பெண் குறைவு, பயமில்லை" என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 30 மாதத்தைத் தாண்டிய குழந்தை அந்தக் கேள்விகளில் பலவற்றை ஆட்டிசம் இருந்தும் கடந்துவிடக்கூடும்; அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

எம்-சாட்-ஆர் படிவத்தை மருத்துவம், ஆய்வு, கல்வி ஆகியவற்றுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் கேள்விகளை மாற்றவோ குறைக்கவோ உரிமை இல்லை. எஸ்.சி.கியூ., எஸ்.ஆர்.எஸ்.-2 ஆகியவற்றை விலைக்கு வாங்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தக்கூடாது. ஆங்கிலப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வாய்க்கு வந்த தமிழில் கேட்பதும் கூடாது. காலையில் ஒரு சொல், மாலையில் வேறொரு சொல் என்று கேட்டால், இரண்டு குழந்தைகளின் மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது? உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற தமிழ்ப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒப்புதலைக் கேட்டுப் பெற்று, மொழிபெயர்த்த வாசகத்தை ஆங்கில மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அவரைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிட்டு, அதன் பிறகே எல்லோரும் ஒரே வாசகத்தைப் படிக்கும் நிலைக்கு வர வேண்டும்.

வயதும் பதில் சொல்பவரும்

வயதை வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். "மூணு வயசு" என்று பாட்டி சொன்னால், பல வீடுகளில் அதற்கு "இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது" என்றே பொருள். எம்-சாட்-ஆர் படிவத்துக்கு அந்த வேறுபாடு பெரியது. பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ பார்த்து, பிறந்த தேதியிலிருந்து நிறைந்த மாதங்களைக் கணக்கிட்டுப் படிவத்தின் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. தாய்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் யார் அதனுடன் அதிகம் இருக்கிறாரோ அவரே பொருத்தமானவர். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில் அது பாட்டியாக இருக்கலாம். அம்மா ஒன்று சொல்லி, அப்பா வேறொன்று சொன்னால், இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து விவாதம் நடத்தி ஒரு பதிலுக்கு வராதீர்கள். அங்கே உண்மைக்கு இடமிருக்காது, குரல் உயர்ந்தவர் சொல்வதே பதிலாகிவிடும். இரண்டு படிவங்களைத் தனித்தனியாக நிரப்பி, இரண்டையும் கோப்பில் வையுங்கள். சராசரி எடுக்காதீர்கள். வேறுபடும் கேள்விகளே பல நேரங்களில் அதிகப் பயன் தருபவை: அப்பாவுடன் இருக்கும்போது கண் பார்க்கும் குழந்தை அம்மாவிடம் ஏன் பார்ப்பதில்லை என்று தேடினால், அப்பா தூக்கிச் சுற்றி விளையாடும் நேரத்தில் மட்டுமே அது நிகழ்கிறது என்பது தெரியவரும்.

பேச்சைத் தொடங்குதல்

பல தாய்மார்கள் ஏற்கெனவே குற்றம் சாட்டப்பட்டவர்களாகத்தான் நம் முன் வந்து அமர்கிறார்கள். "செல்போனைக் கொடுத்து கெடுத்துட்ட", "குழந்தைகிட்ட நீ பேசறதே இல்ல" என்று உறவினர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம், "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், பையன் தானா பேசுவான்" என்று பெரியவர்கள் சொன்ன ஆறுதலும் மனத்தில் இருக்கும். இந்த இரண்டுமே பதிலை வளைக்கும். முதல் வகையினர் நல்ல தாய் என்று காட்டிக்கொள்ள "செய்வான்" என்பார்கள். இரண்டாம் வகையினர் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவார்கள்.

எனவே கேள்வியைத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: "அம்மா, இது உங்க வளர்ப்பைப் பத்தின பரீட்சை இல்லை. இதுல சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் கிடையாது. பையன் வழக்கமா வீட்ல எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ஒரு தடவை ரெண்டு தடவை செஞ்சதை கணக்குல எடுக்க வேண்டாம்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். எம்-சாட்-ஆர் படிவத்தின் தலைப்பிலேயே இந்த விதி உள்ளது: குழந்தை ஒரு செயலைச் சில முறை செய்து பார்த்திருந்தாலும், வழக்கமாகச் செய்வதில்லை என்றால் "இல்லை" என்றே குறிக்க வேண்டும். படிவத்தைத் தனியாக நிரப்பும் பெற்றோரில் பலர் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

எதற்காகக் கேட்கிறோம் என்பதை மறைக்காதீர்கள். வளர்ச்சியைப் பார்க்கிறோம், ஆட்டிசத்துக்கான அறிகுறிகளும் அதில் அடங்கும், இன்று நாம் எந்த நோய்ப் பெயரும் சொல்லப் போவதில்லை என்று நேராகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பிறகு தெரியவந்தால் ஏற்படும் கோபத்தைவிட, இப்போது ஏற்படும் பயத்தைச் சமாளிப்பது எளிது.

கேள்வியைக் கேட்டல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படிவத்தில் உள்ள வாசகத்தை முதலில் அப்படியே படியுங்கள். பதில் வந்ததும் எழுதிவிடாமல், "கடைசியா எப்போ பார்த்தீங்க? அப்போ என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். எம்-சாட்-ஆர் படிவத்தின் முழு வடிவத்துக்கு எம்-சாட்-ஆர்/எஃப் என்று பெயர். அதில் உள்ள தொடர் நேர்காணலில், குழந்தை தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்த எடுத்துக்காட்டுகளைக் கேட்க வேண்டும் என்பது படிப்படியாக எழுதப்பட்டுள்ளது. அதைத் தொலைபேசியிலும் நடத்தலாம். புதியவர்கள் அந்த நேர்காணல் தாள்களை முழுவதும் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் படிவத்தைப் பயன்படுத்தினாலும் எப்படிக் கேட்பது என்பதை அவை கற்றுக்கொடுக்கும்.

விரலால் சுட்டிக்காட்டுவதை எடுத்துக்கொள்வோம். எம்-சாட்-ஆரில் இதற்கு இரண்டு கேள்விகள் உண்டு. ஆறாவது கேள்வி, ஒன்றைக் கேட்பதற்காகவோ உதவிக்காகவோ ஒற்றை விரலால் சுட்டுகிறதா என்பது. ஏழாவது, ஆர்வமூட்டும் ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காக ஒற்றை விரலால் சுட்டுகிறதா என்பது. ஓர் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

"விரலை நீட்டி எதையாவது காட்டுவானாம்மா?"

"காட்டுவானே."

"நேத்து எதைக் காட்டினான்?"

"ஷெல்ஃப்ல பிஸ்கட் டப்பா இருக்கும். அது வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அங்க நிறுத்துவான்."

"அவன் விரலை நீட்டுவானா, உங்க கையைத்தான் டப்பா மேல வைப்பானா?"

"என் கையைத்தான் தூக்கி அதுமேல வைப்பான்."

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் இரண்டு கேள்விகளிலும் "ஆம்" விழுந்திருக்கும். இப்போது ஆறாவதிலேயே "இல்லை" என்பது தெரிகிறது. தாயின் கையை ஒரு கருவியைப் போலப் பயன்படுத்துவது தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தியும்கூட. அதோடு விடாமல் ஏழாவதையும் கேட்க வேண்டும்: வானத்தில் விமானம் போகும்போதோ, தெருவில் லாரியோ மாடோ வரும்போதோ, எதுவும் தேவைப்படாத நேரத்தில், "பாரு" என்பதைப் போல விரலை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? கேட்டு வாங்குவதற்காகச் சுட்டும் குழந்தைகள் பலர் காட்டி மகிழ்வதற்காகச் சுட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது ஒரு வேறுபாடு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கூட்டுக் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குழந்தை கேட்பதற்கு முன்பே தண்ணீரும் பாலும் வந்துவிடும் வீட்டில், "கேட்பானா?" என்ற கேள்விக்கு "அவன் கேட்கவே தேவையில்லை, எனக்கே தெரியும்" என்பார்கள். இது பதில் அன்று. ஒருநாள் நீங்கள் கவனிக்காமல் இருந்தபோது என்ன செய்தான் என்று கேளுங்கள். நினைவில்லை என்றால், இரண்டு மூன்று நாள் வீட்டில் கவனித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவசரமாகக் கிடைக்கும் ஊகத்தைவிடத் தாமதமாக வரும் உண்மை மேலானது.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்று கேட்கும்போது, தொடாமல், கை தட்டாமல், தின்பண்டத்தைக் காட்டாமல், பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவுபடுத்துங்கள். பல குழந்தைகள் விளம்பரப் பாட்டுக்கோ சாக்லேட் உறை பிரியும் ஓசைக்கோ ஓடி வருவார்கள். பெயருக்குத் திரும்ப மாட்டார்கள். இதனால்தான் பெற்றோர் "காது நல்லாவே கேக்குது" என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த உறுதியை ஏற்றுக்கொண்டு செவித்திறன் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருக்கவும் கூடும்.

பாவனை விளையாட்டைப் பற்றிய கேள்விக்குப் பொம்மை இருந்தாக வேண்டும் என்பதில்லை. வெறும் டம்ளரைக் குடிப்பதுபோல வாயில் வைக்கிறதா, சொப்புச் சாமானில் சமைத்து உங்களுக்கு ஊட்டுகிறதா, சோப்புப் பெட்டியைக் காதில் வைத்து "ஹலோ" என்கிறதா என்று கேளுங்கள். கார் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதைச் சில பெற்றோர் "கார் வைச்சு விளையாடுவான்" என்று சொல்வார்கள். "எப்படி விளையாடுவான், செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால் அவர்களே கையைச் சுழற்றிக் காட்டிவிடுவார்கள்.

ஓசையைப் பற்றிய 12-ஆவது கேள்வியில் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். மிக்ஸி ஓடினால் எந்தக் குழந்தையும் ஒரு நொடி திடுக்கிடும். தீபாவளி வெடிக்கு அழாத குழந்தை குறைவு. அன்றாட ஓசைகள் எத்தனைக்கு இப்படி ஆகிறது, காதைப் பொத்திக்கொண்டு அமைதியாக இருக்கிறதா, அலறி அழுகிறதா என்பதைப் பிரித்துக் கேட்டால்தான் "ஆம்" என்பதற்குப் பொருள் உண்டு. கண்ணருகே விரல்களை வித்தியாசமாக அசைக்கிறதா என்ற ஐந்தாவது கேள்விக்கு, அது வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நடக்கிறதா என்று தொடர் நேர்காணல் கேட்கச் சொல்கிறது. எண்ணிக்கை கேட்க வாய்ப்பிருக்கும் இடங்களிலெல்லாம் கேட்டுவிடுங்கள்.

"கண்ணைப் பார்ப்பான்ல?" என்று முடிவைத் திணித்துக் கேட்காதீர்கள், "பார்ப்பான்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பதிலைக் கேட்டதும் முகத்தில் கவலையோ நிம்மதியோ காட்டாதீர்கள். அடுத்த பதில் அதற்கேற்ப மாறிவிடும்.

படிவத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களையோ, டாட்டா காட்டுவது போன்ற செயல்களையோ குழந்தை நிறுத்திவிட்டதா? ஆம் என்றால், மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மதிப்பெண் இடுதல்

எம்-சாட்-ஆரில் பெரும்பாலான கேள்விகளுக்கு "இல்லை" என்பதே ஐயத்துக்குரிய பதில். அதற்கு ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்றில் மட்டும் இது தலைகீழ்: காது கேட்கவில்லையோ என்று நினைத்ததுண்டா, விரல்களைக் கண்ணருகே அசைக்கிறதா, அன்றாட ஓசைகளால் கலங்குகிறதா என்பவற்றுக்கு "ஆம்" என்றால்தான் மதிப்பெண். புதியவர்கள் செய்யும் கூட்டல் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று எண்களில்தான் உள்ளன; படிவத்தின் ஓரத்தில் அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 0 முதல் 2 வரை என்றால் குறைந்த ஐயம். குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை என்றால் நிறைந்த பிறகு மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். 3 முதல் 7 வரை என்றால் நடுத்தர ஐயம். தவறிய கேள்விகளுக்கு மட்டும் தொடர் நேர்காணல் நடத்த வேண்டும். அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் மேல்பரிசோதனைக்கு அனுப்புங்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் தொடர் நேர்காணலுக்குக் காத்திராமல் நேரே அனுப்பலாம்.

ஐ.எஸ்.ஏ.ஏ.-வில் ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அரிதாக, அதாவது 20 விழுக்காடு நேரம் வரை என்றால் 1. எப்போதும், அதாவது 81 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 5. மொத்தம் 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. 40 கூறுகளுக்கும் குறைந்தது ஒன்று விழுவதால், எந்தக் குழந்தைக்கும் மொத்தம் 40-க்குக் கீழே போகாது. இதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும், தாளில் 90 என்று பார்த்துவிட்டு "தொண்ணூறு பர்சன்ட் ஆட்டிசமா?" என்று உடைந்துபோனவர்கள் உண்டு. ஆபத்தைக் கண்டு அஞ்சாமை போன்ற கூறுகளில் வயதையும் கருதுங்கள்: மூன்று வயதுக் குழந்தை வண்டி வருவதைப் பார்க்காமல் தெருவில் ஓடுவதும், எட்டு வயதுக் குழந்தை ஓடுவதும் ஒன்றல்ல.

எஸ்.சி.கியூ.-வில் வழக்கமான வெட்டுப்புள்ளி, அதாவது மேல்பரிசோதனைக்கு அனுப்பத் தொடங்கும் மதிப்பெண், 15. சொற்றொடராகப் பேசாத குழந்தைக்குப் பேச்சைப் பற்றிய ஆறு கேள்விகளை விட்டுவிட வேண்டும் என்பதைப் படிவமே சொல்கிறது. அந்தக் குழந்தைகளின் மொத்தம் தானாகக் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். எஸ்.ஆர்.எஸ்.-2-இல் கூட்டிய எண்ணை அட்டவணையைப் பார்த்து டி-மதிப்பெண்ணாக, அதாவது மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் எண்ணாக, மாற்ற வேண்டும். 60 முதல் 65 வரை லேசானது, 66 முதல் 75 வரை மிதமானது, 76-உம் அதற்கு மேலும் தீவிரமானது. அந்த அட்டவணை அமெரிக்கக் குழந்தைகளை அளந்து உருவாக்கியது என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

எம்-சாட்-ஆர்/எஃப் பற்றி 2014-இல் வெளியான பெரிய ஆய்வில் 16,071 குழந்தைகளிடம் இந்தப் படிவம் பயன்படுத்தப்பட்டது. தொடர் நேர்காணலுக்குப் பிறகும் ஐயம் நீங்காமல், முழுப் பரிசோதனைக்கு வந்த குழந்தைகளில் 47.5 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் உறுதியானது, 94.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைக்குரிய செய்தியோ இருந்தது. ஆகவே உங்கள் படிவத்தில் மதிப்பெண் கூடினால் "ஆட்டிசம் இருக்கிறது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பவும் உரிமை இல்லை.

மதிப்பெண் குறைந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இலங்கையில், எம்-சாட்-ஆருக்கு முந்தைய வடிவமான எம்-சாட் படிவத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து, அதைக் கொண்டு 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் கால்வாசியினரை மட்டுமே அந்தப் படிவம் பிடித்தது. அறிகுறிகளைத் தாய்மார்கள் புரிந்துகொண்ட விதத்தில் சமூகச் சூழலின் தாக்கம் இருந்ததை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் கண்டார்கள். அங்கே பிறகு, கேள்விகளோடு அந்த நடத்தையைக் காட்டும் ஒளிப்படங்களையும் சேர்த்த ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். நம் சூழலுக்கும் இது நேராகப் பொருந்தும். "கண் பார்க்கிறதா" என்று நூறு முறை கேட்பதைவிட, அதைப் படமாகவோ செய்துகாட்டியோ விளக்குவது தெளிவு தரும். பெற்றோர் ஒருவருக்குக் கவலை நீடிக்கிறது என்றால், மதிப்பெண் பூஜ்ஜியமாக இருந்தாலும் மேல்பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அதிகச் சினம், அடம், கவனக்குறைவு, அறிவுவளர்ச்சித் தாமதம், பேச்சுத் தாமதம் ஆகியவை இருந்தாலும் பெற்றோர் படிவங்களின் மதிப்பெண் உயரும், எஸ்.ஆர்.எஸ். போன்றவற்றில் இது தெளிவாகக் காணப்பட்டுள்ளது. அந்த எண் ஆட்டிசத்தை மட்டும் அளப்பதாக எண்ணிவிடக்கூடாது.

குடும்பத்திடம் சொல்லுதல்

முடிவைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். காத்திருப்போர் வரிசையில், மற்றவர் காதில் விழும்படி சொல்லக்கூடாது. எண்ணிலிருந்து தொடங்காமல், அவர்களே சொன்ன நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள்: "பெயர் சொன்னா திரும்பறதில்ல, விமானத்தைக் காட்டறதில்லன்னு சொன்னீங்க இல்லையா, இந்த வயசுக்கு இதெல்லாம் வந்திருக்கணும், அதனால டாக்டர்கிட்ட முழுசாப் பார்த்துடலாம்." அதன் பிறகு எங்கே, எப்போது போக வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் நல மருத்துவர், செவித்திறன் பரிசோதனை, மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையம், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய நிறுவனம் என்று அந்தக் குடும்பத்துக்கு எட்டும் இடத்தைச் சொல்லுங்கள். நோய்ப் பெயர் உறுதியாகும் வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் ஐயம் எழுந்த அன்றே தொடங்கலாம், அவற்றால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் இல்லை. நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்றைக் கொடுத்தனுப்பினால், அடுத்த இடத்தில் அதே கேள்விகளுக்கு முதலிலிருந்து பதில் சொல்லும் களைப்பு குறையும்.

மீண்டும் அளத்தல்

பயிற்சிக்குப் பிறகு முன்னேற்றம் உண்டா என்று பார்க்க விரும்பினால், பிரித்தெடுக்கும் படிவமான எம்-சாட்-ஆரைத் திரும்பப் போடாதீர்கள்; குழந்தையின் வயதும் அதற்குள் தாண்டியிருக்கும். அளவைச் சொல்லும் படிவத்தையே பயன்படுத்தி, முதல்முறை பதில் சொன்னவரிடமே, அதே தமிழ் வாசகத்தில், அதே கால அளவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். முதலில் பாட்டியிடமும் ஆறு மாதம் கழித்து அம்மாவிடமும் கேட்டால், மாறியது குழந்தையா பதில் சொன்னவரா என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்.ஆர்.எஸ்.-2 கடந்த ஆறு மாதங்களைக் கேட்பதால், இரண்டு மாதத்தில் அதைத் திரும்ப நிரப்பினால் பழைய நாட்களும் புதிய நாட்களும் கலந்துவிடும்.

பணமும் நேரமும் செலவழித்த குடும்பத்துக்கு முன்னேற்றம் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கும். மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த ஆய்வுகளிலும் பராமரிப்பவர்களின் மதிப்பெண் நல்ல திசையில் நகர்ந்திருக்கிறது. அவர்கள் நேர்மையானவர்கள்தான், நம்பிக்கை கண்ணை அப்படிப் பழக்குகிறது. எனவே மறு அளவீட்டில் எண்ணோடு நிகழ்ச்சியையும் எழுதுங்கள். "கண் பார்ப்பது மேம்பட்டுள்ளது" என்பதற்குப் பதிலாக, "பிப்ரவரியில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஆகஸ்டில், டி.வி. அணைந்திருக்கும்போது ஐந்து முறை அழைத்தால் மூன்று முறை திரும்புகிறான் என்று பாட்டி சொல்கிறார்" என்று எழுதினால், ஓராண்டு கழித்துக் கோப்பைத் திறக்கும் வேறொருவருக்கும் குழந்தை எங்கிருந்து எங்கு வந்திருக்கிறது என்பது தெரியும். படிவத்தின் அடியில் தேதி, குழந்தையின் நிறைந்த மாதங்கள், பதில் சொன்னவரின் உறவுமுறை, கேட்டவரின் பெயர், கேட்ட மொழி ஆகிய ஐந்தும் இல்லாமல் எந்தத் தாளையும் கோப்பில் சேர்க்காதீர்கள். அந்தக் கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். குடும்பத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பள்ளிக்கோ உறவினருக்கோ அதிலிருந்து ஒரு வரிகூடப் போகக்கூடாது.